ஓடு கழற்றத் தெரிந்தவள்

பழவேற்காட்டு ஏரியில் நண்டு பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். நண்டைப் புரிந்துகொண்டவள் ஒருத்திதான். அவள் பெயர் தனக்கோடி. ஒல்லாந்தர் கோட்டையின் மேல் அவர்கள் கொடி ஆடிக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கோட்டைக்குள் எந்த அடுப்பில் நண்டு வெந்தாலும் அது அவள் கைபட்ட நண்டாகத்தான் இருக்கும். எழுத்து என்றால் அவளுக்கு எறும்பு ஊர்வது மாதிரி. ஆனால் கலங்கிய தண்ணீருக்குள் காலை வைத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "ஆண் நண்டு, அஞ்சு விரல் அகலம், எடது கொடுக்கு மொளைச்சது" என்று சொல்வாள். குனிந்து கையை விட்டால் சொன்னபடியே வரும். இடது கொடுக்கு சின்னதாக, புதிதாக முளைத்திருக்கும். நாலெழுத்து படித்தவன் எவனாவது இதைச் செய்து காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

அவள் பிறந்தது சுண்ணாம்புக்குளத்தில். வலையும் படகும் இல்லாத குடும்பம். ஏரியில் வலைக்காரர்களுக்கு முறை உண்டு. இன்றைக்கு இந்தத் துறை உனக்கு, நாளைக்கு அந்தத் துறை எனக்கு என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வார்கள். வலை இல்லாதவர்களுக்கு முறையும் இல்லை. இடுப்புக்குக் கீழே தண்ணீர் நிற்கிற சேறு மட்டும்தான் அவர்களுக்கு. அதில் பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவ, நாள் முழுக்கக் குனிந்தே நடக்க வேண்டும். தனக்கோடிக்கு இருபத்திரண்டு வயதில் புருஷன் காய்ச்சலில் போனான். அவள் ஒரே ஒரு பறியோடு பழவேற்காட்டுக்கு நடந்து வந்து சேர்ந்தாள். வந்த வருஷமே சேற்றில் வாழும் கழி நண்டு ஒன்று அவளுடைய வலது மோதிரவிரலின் நுனியை எடுத்துக்கொண்டது. யாராவது அதைப் பார்த்து உச்சுக் கொட்டினால், "பாடம் கத்துக்கினு சும்மா வர முடியுமா? தட்சணை வெச்சேன்" என்பாள்.

அவள் கற்ற பாடம் சின்னதில்லை. மற்றவர்கள் நண்டைப் பானைத் தண்ணீரில் போட்டுத் தூக்கி வருவார்கள். மத்தியானத்துக்குள் பாதி செத்து நாறும். தண்ணீரில் வாழ்கிற நண்டு தண்ணீரிலேயே ஏன் சாகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. தனக்கோடி மூன்று மாதம் யோசித்தாள். நின்ற தண்ணீர் நண்டுக்கு மூச்சை அடைக்கிறது, அதற்கு வேண்டியது வெறும் ஈரம் என்று கண்டுகொண்டாள். கொடுக்கைப் பனைநாரால் கட்டினாள். கூடையில் ஈரமான அடம்பங்கொடியைப் பரப்பி, அதன் மேல் நண்டை அடுக்கி, மறுபடி கொடியால் மூடி நிழலில் வைத்தாள். எட்டு நாள் உயிரோடு இருந்தது. எட்டு நாள்! கோட்டைச் சமையற்காரன் தன் கண்ணையே நம்பவில்லை.

எல்லாம் சரி, நிழல் வேண்டுமே? கோட்டைப் படகுத்துறை ஓரம் இரண்டு புன்னை மரங்கள் நின்றன. அங்கே உட்கார இடம் கேட்டு, வந்த துரைகளிடமெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியை விட்டுச் சொல்லச் சொல்லி, நாலு வருஷம் நடையாய் நடந்து ஒரு மரத்தடியை வாங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பெண்கள் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள். வலை இல்லாதவர்களுக்கு அந்த ஏரியில் யாரும் விரட்ட முடியாத இடம் என்று ஒன்று இருந்தது என்றால், அது அந்தப் புன்னை நிழல்தான்.

இன்னொரு புன்னை மரத்தடி பெரியசாமியுடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அவர் குடியிருப்பு. தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை கடலாமை முட்டையிட அந்த மணலுக்கு ஏறும். பெரியசாமி அதை மல்லாக்கப் புரட்டிப் படகில் ஏற்றி வந்து மரத்தடியில் கிடத்துவார். அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும், நாள்கணக்கில் கிடக்கும். கப்பலுக்குப் போகிறவர்கள் உயிரோடு வாங்கிப் போவார்கள். ஆள் மலை மாதிரி. பேச்சு அதைவிடப் பெரிது.

இரண்டு மரத்துக்கும் நடுவே பத்தடிதான். அந்தப் பத்தடியில் ஒரு நாள்கூடச் சண்டை ஓய்ந்ததில்லை.

"ஒரு ஆமைக்கு வயசு இன்னா தெரியுமா தங்கச்சி? நம்ம தாத்தாவுக்குத் தாத்தா பொறந்தப்ப பொறந்தது. உன் நண்டு மூணு மழைக்குத் தாங்குமா?"

"அத்தன வருசம் இருந்து இன்னாண்ணே கத்துக்கிச்சு? மல்லாக்கப் போட்டா திரும்பிப் படுக்கத் தெரியல. என் நண்டப் பொரட்டிப் பாரு. நீ கைய எடுக்கறதுக்குள்ள நிமிந்துக்கும்."

"நேரா நடக்கத் தெரியாததுக்கு வாயப் பாரு."

"நேரா நடந்து நேரா உன் கையில வந்து மாட்டுதே, அதச் சொல்லு! நண்டுக்கு ஒரு கால் போனா வேற கால் மொளைக்கும். ஓடு சின்னதாப் பூட்ச்சின்னா கழட்டிக் கடாசிட்டு வேற போட்டுக்கும். உன் ஆமை பொறந்தப்ப போட்ட ஓட்டச் சாவுற வரைக்கும் சொமக்குது."

"அந்த ஓட்டு மேல நான் ஏறி நின்னாலும் ஒடையாது. உன் நண்டு மேல நில்லு பாப்போம்."

"நான் எதுக்கு நிக்கறேன்? நண்டு மேல நிக்கறவன் நொண்டிக்கினுதான் ஊட்டுக்குப் போவான்."

பத்துப் பெண்களும் சிரிப்பார்கள். பெரியசாமியும் சிரிப்பார். ஒரே ஒரு பேச்சுக்கு மட்டும் அவர் சிரிக்கமாட்டார். "மண்ணுல முட்டையப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போவுதே, அது ஒரு தாயா? என் நண்டு முட்டைய வயித்தடியிலயே வெச்சுக்கினு திரியுது" என்று தனக்கோடி சொல்லும்போது அவர் முகம் இறுகும்.

"நீ ஒரு வாட்டியாச்சும் அது முட்டையிடறதப் பாத்துகீறியா?"

"எதுக்குப் பாக்கணும்?"

"அப்ப பேசாத."

இரண்டு பேருக்கும் தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வயிற்றடியில் முட்டை அப்பிய சினை நண்டு கையில் வந்தால் சேற்றுப் பெண்கள் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "போயி பெத்துட்டு வா தாயி" என்பார்கள். ஆமைக்காரர்களும் அப்படித்தான். மேலே ஏறுகிற ஆமையைத் தொடக்கூடாது. அது குழி தோண்டி, முட்டையிட்டு, மூடி, கடலைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் புரட்டலாம். முந்திப் புரட்டினவன் மணலில் கால் வைக்க ஊர் விடாது.

தனக்கோடிக்கு நாற்பது வயதான வருஷம் மாசி மாதம் கோட்டைப் பண்டசாலைக்குப் புது துரை வந்தார். துறையோரம் சுவர் எழுப்பப் போவதாகவும், பெரியசாமி பக்கத்துப் புன்னை மரத்தை வெட்டப் போவதாகவும் சொன்னார். மீதி மரத்தடி யாருக்கு? துபாஷி மாசிலாமணி வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக வந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"துரை சொல்றது இதுதான். கப்பல்ல ஏத்த உயிர்ச்சரக்கு வேணும். ஆமைக்காரர் நாலு ஆமை கொண்டாரணும். நண்டுக்காரி பன்னெண்டு நண்டு கொண்டாரணும். ஒம்பது நாள் இங்கேயே இருக்கட்டும். செத்தாலும் கணக்கு, காணாமப் போனாலும் கணக்கு. யாருக்குக் கொறைவாப் போவுதோ அவங்களுக்கு மரம். மத்தவங்க எடத்தக் காலி பண்ணணும்."

"அந்த மத்தவங்க எங்க போறது அய்யா?" என்றாள் தனக்கோடி.

"அதத் துரை சொல்லல."

அன்றைக்குத் தனக்கோடி சேற்றில் இறங்கியபோது அவளோடு ராஜம்மாவும் இறங்கினாள். ராஜம்மா அவளைவிடப் பத்து வயது சின்னவள், அவளிடம் தொழில் பழகியவள், அவளை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள். தனக்கோடி ஏரியிலேயே பெரிய நண்டுகளாகத் தேடினாள். பெரியசாமியின் ஆமைக்குப் பக்கத்தில் வைத்தால் எடுபட வேண்டாமா? அகன்று, கருத்து, பாசி ஏறி, கல் மாதிரி ஓடு கொண்ட நண்டுகள் பன்னிரண்டு பிடித்தாள். ராஜம்மா அவற்றில் இரண்டைக் கையில் எடுத்துத் துடுப்புக் காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலின் ஓரத்தில் செந்நிறமாக ஒரு கோடு ஓடியது.

"அக்கா, இது ரெண்டும் ஓடு கழட்டப் போவுது. வாணாம்."

"கல்லு மாதிரி கீது. இதுவாடி கழட்டும்?"

"கழட்டப் போற ஓடுதான் கல்லு மாதிரி இருக்கும்னு நீதான சொல்லிக் குடுத்த?"

"சொல்லிக் குடுத்தவளுக்கே சொல்லிக் குடுக்கறியா? கட்டுடி நார."

திறமைசாலிகள் எப்போதும் இப்படித்தான் சறுக்குவார்கள். தெரியாதவன் பயந்து பார்த்து நடப்பான். தெரிந்தவனுக்குக் காலுக்குக் கீழே பார்க்க நேரமிருக்காது.

போட்டி தொடங்கிய மூன்றாம் நாள் காலை கோட்டைச் சேவகன் கருப்பன் எண்ண வந்தான். கூடையைப் பிரித்தால் பன்னிரண்டு நண்டுக்குப் பதில் பதினாலு கிடந்தன! இரண்டு நண்டு ஓட்டை விட்டு நழுவி வெளியே வந்திருந்தன. கட்டிய கொடுக்கோடு பழைய ஓடு அப்படியே கிடந்தது. பக்கத்தில் நண்டு, வெண்ணெய் மாதிரி மெத்தென்று, மற்றவற்றின் பாரத்தில் நசுங்கிச் செத்திருந்தது.

"ரெண்டு கூடுதலா எழுதிக்கவா?" என்று கருப்பன் கேலி பண்ணினான்.

"ரெண்டு கொறைச்சு எழுது" என்றாள் தனக்கோடி. ராஜம்மாவைப் பார்த்து, "நண்டு மேல தப்பு இல்லடி. எங்கண்ணு மேல தப்பு" என்றாள். எதிர் மரத்தடியில் நாலு ஆமையும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு சௌக்கியமாகக் கிடந்தன.

மீதிப் பத்து நண்டையாவது காப்பாற்ற வேண்டும். புதுக் கொடி பறிக்க இரண்டு பேரும் படகில் கடல் பக்கத்து மணல் திட்டுக்குப் போனார்கள். அங்கே அடம்பங்கொடி பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். கொடியை இழுத்துக்கொண்டே போன தனக்கோடி சட்டென்று நின்றாள்.

மணலில் ஆமைத் தடங்கள். கொடிகள் காற்றை மறித்திருந்ததால் கலையாமல் இருந்தன. மேலே ஏறிய தடம் நாலு. மூன்று தடத்தின் முடிவில் குழி மூடிய மேடு இருந்தது. அங்கிருந்து கடலைப் பார்த்து நாலைந்து முழம் போய்த் தடம் நின்றது. புரட்டிய இடம். நாலாவது தடத்தின் முடிவில் மேடும் இல்லை, குழியும் இல்லை. ஏறிக்கொண்டே இருந்த தடம் பாதியில் நின்றது. அங்கே ஒரு கனத்த ஆளின் குதிகால் மணலில் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்த மணலில் ஆமை புரட்டுகிறவர்களில் அவ்வளவு கனத்த ஆள் ஒருவர்தான்.

ராஜம்மாவுக்கும் புரிந்துவிட்டது. கையிலிருந்த கொடியைக் கீழே போட்டாள். "அக்கா! முட்டையிடறதுக்கு முந்தியே பொரட்டிகீறாரு. ஊர்ல சொல்லு. இன்னிக்கே அவரு மணல்ல கால் வெக்க முடியாது. மரம் நம்முது."

தனக்கோடி குனிந்து அந்தத் தடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாக்கா யோசிக்கிற? பத்துப் பொம்பள கீறோம். அந்த எடம் போச்சுன்னா திரும்பப் பானையில தண்ணி ஊத்திக்கினு தெருத்தெருவா அலையணும்."

"தெரியும்டி. நண்டு ஜெயிக்கும்னு சொல்லிக்கினு போனேன். பெரியசாமி தோக்கணும்னு போவல."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"உனக்கு ஒண்ணு. எனக்கு வேற."

தலைநிமிர்வு என்றால் அதுதான். தன் சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவள் எதிராளியின் அழுக்கை விற்றுப் பிழைக்கமாட்டாள்.

அவள் நேரே பெரியசாமியிடம் போனாள். அவர் ஆமைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கடைசி ஆமை வயித்துல முட்டை கீது."

தெளித்த கை அப்படியே நின்றது. மலை மாதிரி ஆள் ஒரு சாண் குறைந்துபோனார். "யாருகிட்ட சொன்ன?"

"நாக்கு இன்னும் வாயிலதான் கீது."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணுதான் மாட்டுச்சி. நாலு கேட்டாங்களே. விடியறதுக்குள்ள கொண்டாரணும். இது மேல ஏறிக்கினே இருந்திச்சி. கால் தோண்ட ஆரம்பிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருந்தா வெளிச்சம் வந்துடும்னு... கை என் பேச்சக் கேக்கலமா. நைனா காலத்துலருந்து நான் இந்தத் தப்பு செஞ்சதில்ல."

"கொண்டு போயி விட்டுடலாம் வா."

"விட்டா ஒண்ணு கொறையும்."

"எனக்கு ரெண்டு கொறைஞ்சிடுச்சி. அப்பவும் நீதான ஜெயிக்கிற? இன்னாத்துக்குப் பயம்?"

பெரியசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு இதுல இன்னா லாபம்?"

"முட்டை வெச்ச நண்ட நான் இதுவரைக்கும் கூடையில போட்டதில்லண்ணே. எதிர்ல மல்லாக்க முட்டையோட ஒண்ணு கெடக்குது. எப்பிடித் தூங்கறது? தூக்கு."

வெயில் சாய்ந்ததும் இரண்டு பேருமாக ஆமையைப் படகில் ஏற்றி ஏரியைக் கடந்தார்கள். அதே மணலில், அதே தடத்தின் முடிவில், குப்புறத் திருப்பி வைத்தார்கள். ஆமை கல் மாதிரி கிடந்தது. செத்துவிட்டது என்றே தனக்கோடி நினைத்தாள். பெரியசாமி அவளைப் பின்னால் இழுத்துக் கொடிக்கு நடுவில் உட்காரவைத்து, "மூச்சு காட்டாத" என்றார். கிழக்கே கடல் கருநீலமாக மாறிக்கொண்டிருந்தது. ஆமை பெருமூச்சு விட்டது. மனுஷர் விடுகிற மாதிரியே இருந்தது. பிறகு முன்துடுப்பை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

அங்கே அது தோண்ட ஆரம்பித்ததைத் தனக்கோடி சாகிற வரை மறக்கவில்லை. முன்னால் பார்த்தபடி கிடந்து பின்னங்காலால் தோண்டியது. பின்னால் கண் இல்லை. காலில் விரலும் இல்லை. ஒரு கால் குழிக்குள் இறங்கித் தடவும், அகப்பை மாதிரி மண்ணை அள்ளி மெதுவாக மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். பிறகு மறு கால் இறங்கும். ஒரு துளி மண் உள்ளே சரியவில்லை. வாய் குறுகி வயிறு அகன்ற பானையைக் குயவர் வனைகிற மாதிரி ஒரு குழி. பார்க்காமலே, தொட்டுத் தொட்டே, காலாலேயே.

தனக்கோடி தன் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் சேற்றுக்குள் கண்ணாக இருந்த பாதம்.

"அண்ணே" என்று கிசுகிசுத்தாள். "இது எங்க சாதி. கால்ல பாக்கற சாதி."

பெரியசாமி குழியைக் கைகாட்டினார். குழிக்குள் முட்டைகள் இரண்டும் மூன்றுமாக வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தன. ஆமையின் கண்ணிலிருந்து பிசின் மாதிரி நீர் வழிந்தது. எல்லாம் முடிந்ததும் அது மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. பிறகு உடம்பை வலப்பக்கமும் இடப்பக்கமுமாக ஆட்டி ஆட்டி, வயிற்றோட்டால் தொம் தொம்மென்று மண்ணைத் தட்டி இறுக்கியது. தரை மெழுகுகிறவள்கூட அவ்வளவு அக்கறையாகத் தட்டமாட்டாள். அதற்கப்புறம்தான் கடலுக்குத் திரும்பியது. திரும்பிப் பார்க்கவில்லை.

"திரும்பிப் பாக்க வேண்டிய வேலை ஒண்ணயும் மிச்சம் வெக்கல" என்றாள் தனக்கோடி. "நான் பேசுனதெல்லாம் தப்புண்ணே."

"இத நீ சொல்றதுக்குப் பத்து வருசம் காத்துக்கினு இருந்தேன்" என்றார் பெரியசாமி. ஆனால் அவர் குரலில் ஜெயித்தவன் குரல் இல்லை.

ஒன்பதாம் நாள் மாசிலாமணி வந்து எண்ணினார். ஆமை மூன்று, ஒன்று காணவில்லை. நண்டு பத்து, இரண்டு செத்தவை. மரம் பெரியசாமிக்கு. "அய்யா, பாதிப் பாதியா நாங்களே..." என்று பெரியசாமி வாயைத் திறந்தார். தனக்கோடி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கூடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்தாள். துறையில் நின்ற படகுக்காரன் ஒருவன், "இன்னா நண்டம்மா, பின்னாடி நடக்கறியா?" என்று கத்தினான். "பக்கவாட்டுல போறேன் தம்பி, வழி வுடு" என்றபடி நடந்தாள். பத்துப் பெண்களும் பின்னால் போனார்கள்.

அதன் பிறகு பத்து நாள் அவள் குடிசையை விட்டு வெளியே வரவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. கொடுக்கு உடைந்துவிட்டது, அவ்வளவுதான் தனக்கோடி என்றார்கள். ராஜம்மா கஞ்சி கொண்டுபோனபோது அவள் அந்த இரண்டு பழைய ஓடுகளையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதப் பாருடி. எவ்ளோ சின்ன ஓடு. இதுலருந்து வந்த நண்டு எவ்ளோ பெருசா கெடந்துச்சி, பாத்தியா? நசுங்காம இருந்தா அது இன்னும் பெருத்திருக்கும். நாம கூடையில அடுக்கிக் கொன்னோம். அதுக்கு என்ன வேணும்? தனியா ஒரு பொந்து. வந்து வந்து போற தண்ணி. யாரும் மேல ஏறாத பத்து நாள்."

"நீ நண்டச் சொல்றியா, உன்னச் சொல்றியாக்கா?"

"கஞ்சிய வெச்சுட்டுப் போடி."

பதினோராம் நாள் அவள் எழுந்தாள். முகத்துவாரத்துக்கு வடக்கே அலையாத்திக் கண்டல் புதர் ஓரத்தில் கப்பல் படகு ஒன்று எந்தக் காலத்திலோ ஒதுங்கி, சேற்றில் பாதி புதைந்து மக்கிக் கிடந்தது. முழங்கால் சேறு. அந்தப் பக்கம் எவனும் போகமாட்டான். இடம் போ என்று சொல்லத் துரையும் கிடையாது, முறை கேட்க வலைக்காரனும் கிடையாது. தனக்கோடி குயவர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஓட்டைப் பானைகளைச் சுமந்து வந்தாள். படகின் விலா ஓரமாக ஒவ்வொன்றாகச் சேற்றில் புதைத்தாள். பானைக்கு ஒரு நண்டு. வாய்க்கு ஒரு பனைமட்டை மூடி. ஏற்றத்தில் தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே வரும், வற்றத்தில் போகும். கூட வந்து சேர்ந்த பத்துப் பெண்களும் நத்தையை உடைத்து, சின்ன மீனை நறுக்கிப் போட்டார்கள். ஓடு கழற்றிய நண்டு மெத்தென்று சுருண்டு கிடந்து, பத்து நாளில் இறுகி, மாதம் திரும்பும்போது தசை நிரம்பிக் கொழுகொழுவென்று நின்றது. எட்டு நாள் என்ன, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்தது. இருந்ததோடு வளரவும் செய்தது! உலகத்தில் எந்தப் பண்டசாலையில் வைத்த சரக்கு வைத்த இடத்திலேயே பெருக்கிறது?

சித்திரை பிறந்ததும் ஆமை ஏறுவது நின்றது. புன்னை மரத்தடியில் பெரியசாமி வலையைக் காயப்போட்டார். ஆவணியில் பெரிய கப்பல் வந்து நின்றது. உயிர்ச்சரக்கு எங்கே என்று துரை கேட்டார். துறையில் ஒரு நண்டு இல்லை, ஒரு ஆமை இல்லை.

துபாஷி மாசிலாமணி வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் தடுமாறி வருவதை ராஜம்மாதான் முதலில் பார்த்தாள். வெள்ளை அங்கி மார்பு வரை சாம்பல் நிறமாகியிருந்தது. இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்திருப்பார் போல.

"பாத்து வாங்க அய்யா" என்று தனக்கோடி குரல் கொடுத்தாள். "காலத் தூக்காதீங்க, தடவி வைங்க."

மாசிலாமணி படகு விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவள் ஒரு பானை மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே இருந்த நண்டைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த செருப்பு ஒன்று சேற்றில் விழுந்தது.

"இதெல்லாம் எத்தன நாளாயிருக்கு?"

"அது வந்து ரெண்டு மாசம். அந்தப் பக்கத்துல இருக்கறது மூணு."

அவர் செருப்பைத் தேடி எடுத்தார். "தனக்கோடி, துரை சொல்லி அனுப்பினாரு. மரத்தடி திரும்ப உனக்கே. பழைய எடத்துக்கே வந்துடு. எழுதியே குடுக்கச் சொல்லிட்டாரு."

பெண்கள் பத்துப் பேரும் கையிலிருந்த வேலையை விட்டு அவளையே பார்த்தார்கள். நாலு வருஷம் நடந்து வாங்கிய இடம். தோற்று இழந்த இடம். தனக்கோடி குடிசையிலிருந்து கொண்டுவந்து படகின் மூக்கில் மாட்டி வைத்திருந்த இரண்டு பழைய ஓடுகளில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது நண்டு கழட்டிப் போட்டது அய்யா. கால், கொடுக்கு, கண்ணு வெச்ச எடம், எல்லாம் அப்பிடியே கீது, பாருங்க. ஒரு கொறையும் இல்ல. ஆனா எந்த நண்டாச்சும் இதுக்குள்ள திரும்பிப் பூந்து பாத்துகீறீங்களா?"

மாசிலாமணி ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூந்தாலும் கொள்ளாது அய்யா. பெருத்துட்டோம். துரைக்கு நண்டு வேணும்னா படகு இங்க வரட்டும். சேறு ஏற முடியலன்னா ஏத்தத் தண்ணில வரச் சொல்லுங்க."

கோட்டைப் படகு வந்தது. அந்த ஆவணியிலும் வந்தது, அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஆவணியிலும் வந்தது. துரைகள் மாறினார்கள், துபாஷிகள் மாறினார்கள், படகு சேற்றுக்கு வருவது மாறவில்லை. ஒரே ஒரு பறியோடு வந்து, ஒன்பதரை விரலோடு உழைத்த ஒருத்தி கோட்டையையே ஏற்றத் தண்ணீருக்குக் காத்திருக்க வைத்தாள். இதைவிடப் பெரிய பட்டம் எந்தத் துரை எழுதிக் கொடுத்துவிட முடியும்?

நண்டுதான் பெரிது என்று அவள் கடைசி வரை வாதாடினாள். அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பங்குனிதோறும் ஒரு சாயங்காலம் மணல் திட்டிலிருந்து பெரியசாமியின் ஆள் படகில் வந்து, "ஏறுது, மாமா வரச் சொன்னாரு" என்பான். தனக்கோடி கையிலிருந்த பானையை அப்படியே வைத்துவிட்டுப் போவாள். அடம்பங்கொடிக்கு நடுவில் இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து, ஒரு ஆமை கண்ணில்லாத காலால் குழி தோண்டுவதைப் பார்ப்பார்கள். அது மூடி, தட்டி இறுக்கிக் கடலைப் பார்த்துத் திரும்பியதும், கட்டுப்பாட்டின்படி பெரியசாமி அதைப் புரட்டலாம். அந்த ஒரு நாள் மட்டும் அவர் புரட்டமாட்டார்.

"போயி பெத்துட்டு வா தாயி" என்பாள் தனக்கோடி.

"பெத்துட்டுத்தான் போவுது தங்கச்சி" என்பார் பெரியசாமி.

"அடுத்த தபாவுக்குச் சொன்னேன்" என்று மணலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பாள்.